முன் சீட்டில் அரிசி மூட்டை

எங்கள் அத்தானிடம் யாரும் கார் பேச்சை எடுக்கக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். மீறியவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் கல்யாணத்திலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று, "காடி ரொம்பப் பழசா இருக்கே அண்ணே, மாத்தலையா?" என்று கேட்டுவிட்டார். பந்தி முடிந்து, மேசை துடைத்து, மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகும் பாவம், அந்த மனிதரால் எழுந்திருக்க முடியவில்லை. அத்தான் அப்போதுதான் தன் காரைச் செய்த ஜப்பான் கம்பெனியின் வரலாற்றில் யுத்தம் முடிந்த இடத்துக்கு வந்திருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். வீடு பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியில். அந்தக் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குச் சந்தோஷமாகிவிடும். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், இருந்தாலும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அவ்வளவு கோபம் இருக்கிறது.

நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது, அக்காவை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லியே எல்லாரும் அவரைக் கெடுத்தார்கள். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கோளாறு. ஜப்பான்காரன் தப்பு பண்ண மாட்டான். அவ்வளவுதான். இந்த ஒரு வரியில் அவருடைய சமயம், அரசியல், குடும்ப நிர்வாகம் எல்லாம் அடக்கம்.

வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தால் கோயிலில் புராணம் படிப்பது மாதிரிதான். குண்டு போட்டுத் தரைமட்டமான ஒரு ஊர். அதில் கூரை இல்லாத ஒரு பட்டறை. அதில் கம்பெனியை ஆரம்பித்த ஒரு பெரியவர். "சோறு இல்ல, கரண்டு இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா அளவு மட்டும் ஒரு மயிரிழை தப்பல மா!" என்பார். கண் கலங்கும். அந்தப் பெரியவரை நேரில் பார்த்தவர் மாதிரி, "நம்ம பெரியவர்" என்றுதான் சொல்வார். எதை எங்கே படித்தார், எதைத் தானே சேர்த்துக்கொண்டார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் அப்பாவின் கருமாதியன்று, ஐயர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, அவரிடமும் இந்தக் கதை ஓடியது. ஐயரும் லேசுப்பட்டவர் இல்லை. "அப்ப நான் எந்தக் காடி வாங்கலாம்?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் உள்ளேயிருந்து, "செத்தவருக்குப் பசிக்குது" என்று சத்தம் போட்டார்.

அவருடைய கார் இங்கே வாங்கிய புதுக் கார் இல்லை. ஜப்பானிலேயே யாரோ சில வருஷம் ஓட்டி, கப்பலேறி வந்தது. நாங்கள் ரீகாண்ட் என்போம். ரீகாண்ட் என்றால் செகண்ட் ஹேண்ட் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. அங்கே ஓட்டியவர் ஒரு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார். "சீட்டப் பாரு. எவ்வளவு மரியாதையா உக்காந்திருக்கான்!" என்று பின்பக்கத் துணியைத் தடவிக் காட்டுவார். கார் கிளம்பும்போதெல்லாம் உள்ளிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானியில் என்னமோ சொல்லும். அந்த ஊர் டோல் அட்டை எதையோ செருகவில்லை என்கிறாளாம், யாரோ சொன்னார்கள். அத்தான் ஒவ்வொரு தடவையும், "ஆ, சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கியர் போடுவார். "எனக்கு என்னைக்காச்சும் இப்படிப் பதில் சொல்லியிருக்காரா கேளு" என்று அக்கா என்னிடம் சிரிப்பாள்.

அந்தக் காரின் ரேடியோவில் நம் ஊர் ஸ்டேஷன் எதுவும் எடுக்காது. ஜப்பான் ரேடியோ அப்படித்தான். வேறு செட் மாற்றலாம் என்றால், ஒரிஜினலைக் கழற்றுவதா என்று குதிப்பார். அதனால் அவர்கள் இருவரும் காரில் போனால் பாட்டு கிடையாது, செய்தி கிடையாது. பேச்சுதான். வீட்டில் மாமியார், படிக்கும் பிள்ளைகள், எந்நேரமும் டிவி. அக்காவும் அத்தானும் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் காருக்குள்தான். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்விட்டு, வேண்டுமென்றே சுற்று வழியில், தஞ்சோங் பூங்கா வரை ஒரு வட்டம் அடித்து வருவார்கள். வரும்போது அக்காவின் முகமே வேறு மாதிரி இருக்கும். காது கொஞ்சம் மந்தம் அவளுக்கு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு போவாள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

காரில் பழுது வந்தால் அது காரின் பழுது ஆகாது. இதுதான் அவர் வழக்கம். ரேடியேட்டர் ஒழுகியதா, பினாங்குத் தண்ணீர் சரியில்லை. ஏர்கான் நின்றதா, அக்கா கதவை ஓங்கிச் சாத்தினாள். ஒரு தடவை பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, கீழே கடல். நானும் உள்ளே இருந்தேன். இறங்கி நின்று அவர் சொன்னது: "நேத்து நீ சொன்னேன்னு அந்த பெட்ரோல் ஸ்டேஷன்ல எண்ணெய் ஊத்துனேன் பாரு!" நான் எப்போது சொன்னேன்? அதுவே எனக்கு நினைவில்லை. இன்னொரு நாள் என் உள்ளூர்க் காரின் டயரில் ஆணி குத்திவிட்டது. ரோட்டில் கிடந்த ஆணி. பார்க்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, ரொம்ப வருத்தமாக, "இதுவே நம்ம காடியா இருந்தா குத்தியிருக்காது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆணியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் பொருள்கள் என் மேசைக்குத்தான் வரும். எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் தப்பு வரும். வந்தால் பிரித்துப் பார்ப்போம், காரணம் கண்டுபிடிப்போம், திருத்துவோம். அதில் ஒரு அவமானமும் இல்லை. இதை அத்தானிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அது உங்க பேக்டரி மா" என்பார், ஏதோ ஆறுதல் சொல்வது மாதிரி.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஏர்பேக் செய்தி வந்தது. கார் மோதினால் உப்பிக்கொண்டு நம்மைக் காப்பாற்ற வேண்டிய பை, சில கார்களில் வெடித்து, இரும்புத் துண்டுகளை முகத்தில் அடிக்கிறது, ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று பேப்பரிலும் போனிலும் அதே பேச்சு. பல கம்பெனிகள், கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கூப்பிட்டன. அத்தானின் கம்பெனியும் அதில் ஒன்று. ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு பை, அக்காவின் முகத்துக்கு நேரே ஒரு பை.

அன்று சாயங்காலமே போனேன். அத்தான் சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், செய்தி பாத்திங்களா?"

"பாத்தேன் மா. பாவம், இங்க பூட்டுன காடிங்க. இங்க உள்ளவன் ஸ்குரூ முடுக்குனா அப்படித்தான் இருக்கும். நம்மது நேரா ஜப்பான்ல இருந்து வந்தது."

"பையச் செஞ்சதே ஜப்பான் கம்பெனிதான் அத்தான்!"

"பை செஞ்சவன் வேற, காடி செஞ்சவன் வேற."

"ஒருக்கா காட்டிட்டு வந்துருங்களேன். காசு கூடக் கேக்க மாட்டான்."

"ஓசின்னு சொல்றான் பாரு, அங்கதான் யோசிக்கணும்" என்று டீயைக் குடித்து முடித்தார். அதோடு சரி. அன்றைக்கு மேல் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து பால்கனிக்குப் போய், கீழே நிற்கும் காரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. அக்கா காரில் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டால், "ஏர்கான் பின்னாலதான் நல்லா வருதாம் டி, அவர்தான் சொன்னாரு" என்றாள். முன் சீட்டில் அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தது. பாரம் ஏறினால் கார் பீப் பீப் என்று கத்துமே, அதற்காக மூட்டைக்கு பெல்ட் வேறு போட்டிருந்தார். அரிசி தீர்ந்தால் தேங்காய், தேங்காய் இல்லாவிட்டால் அவருடைய பை. யாரையும் முன்னால் ஏற விடுவதில்லை. பிள்ளைகளையும் விடுவதில்லை. நான் ஒரு நாள் கதவைத் திறந்தபோது, "பின்னால பின்னால" என்று பதறிவிட்டார்.

மனுஷனுக்குப் பயம். வாயால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் உள்ளுக்குள் பயந்து சாகிறார். அது புரிந்ததும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. பயந்தால் காட்ட வேண்டியதுதானே?

இதில் பெரிய நஷ்டம் அக்காவுக்கு. பின் சீட்டில் அவளுக்கு ஒன்றும் கேட்காது. பழைய கார், ரோட்டுச் சத்தம் முழுக்க உள்ளே வரும். அதைச் சத்தம் என்று சொன்னாலும் தப்பு, என்ஜின் மூச்சு விடுகிறதாம். அவர் முன்னால் பார்த்துக்கொண்டு பேசுவார். இவள் பின்னால், "ஆங், ஆங்" என்று கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமை சுற்று வழியும் நின்றுபோகவில்லை, அதே வட்டம் அடித்துத்தான் வந்தார்கள். இறங்கும்போது அக்கா பஸ்ஸில் வந்தவள் மாதிரி இறங்குவாள். ஒரு தடவை தண்ணீர்மலைக் கோயிலடியில் அக்கா பின்கதவைத் திறந்து இறங்க, நின்றிருந்த ஒரு பையன் ஜன்னலில் குனிந்து, "அண்ணே, கிராப் டாக்ஸியா? ஜார்ஜ் டவுன் போவீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி, அது என் வீட்டுக்காரம்மா."

பையன் இறங்கி நின்ற அக்காவைப் பார்த்தான். முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அரிசி மூட்டையைப் பார்த்தான். "சாரி அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் கோயிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

"நீயாச்சும் சண்டை போடேன் கா! முன்னாலதான் உக்காருவேன்னு சொல்லேன்!"

"எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதானே டி செய்யறாரு. விடு."

அன்பாம். இந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேசிஸ் நம்பரை கம்ப்யூட்டரில் போட்டால் அந்தக் காருக்கு இந்தக் கோளாறு உண்டா இல்லையா என்று அடுத்த நிமிஷம் சொல்லிவிடும். அந்த நம்பர்தான் எனக்குக் கிடைக்கவில்லை. கார்ப் பத்திரத்தை பேங்க் லாக்கரில் வைத்திருந்தார், நகை மாதிரி. ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் தானே போய் எடுத்து வருவார். மிச்சம் ஒரே வழி, முன் மூடியைத் திறந்து உள்ளே அடித்திருக்கும் நம்பரைப் பார்ப்பது. அந்த மூடியை அவரும் பட்டறைக்காரரும் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் முடிவெட்டப் போனபோது அக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பின்னாலேயே அக்காவும் வந்தாள். உள்ளே ஒரு பிடியை இழுத்தால் மூடி லேசாக எழும்புகிறது, அதற்கு மேல் திறக்க மாட்டேன் என்கிறது. அடியில் இன்னொரு கொக்கி உண்டாம், எங்களுக்கு எங்கே தெரியும்? நான் விரலை விட்டுத் துழாவ, அக்கா போன் லைட்டை என் கண்ணிலேயே அடிக்க, "மேல தூக்கு டி", "நீ லைட்டச் சரியாப் புடி கா" என்று நாங்கள் போராடிக்கொண்டிருக்கையில் அவர் வந்து நின்றார். கடையில் கூட்டமாம், திரும்பிவிட்டார்.

பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எங்கள் கை பட்ட இடத்தைத் துடைத்தார். மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

"என்ன வேணும் பாப்பா?"

"சேசிஸ் நம்பர்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும் அத்தான். தெரியாமத்தான் அக்காவப் பின்னால தூக்கிப் போட்டிங்களா?"

"ஏர்கான் பின்னால..."

"ஏர்கான் கதையெல்லாம் என்கிட்ட வேணாம் லா!"

அக்கா என் கையைப் பிடித்தாள். அத்தான் காரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "நம்பரப் போடற. ஆமான்னு வந்துட்டா?"

"வந்தா மாத்திக் குடுப்பான்."

"மாத்துவான். பைய மாத்துவான். அப்புறம் நான் எத நம்பி ஓட்டுறது?" என்றார். "கூடப் பொறந்தவன் கடையில பங்குன்னான், கடைசியில யாரு நீன்னு கேட்டான். ஆபிஸ்ல அடுத்த சூப்பர்வைசர் நீதான்னான், நேத்து வந்தவனத் தூக்கி வச்சான். இது ஒண்ணுதான் மா, காலையில சாவியத் திருப்புனா சொன்னபடி எந்திரிக்குது. இதயும் கொண்டு போயி நீ நல்லவனா கெட்டவனான்னு நான் சோதிக்கவா?"

மனுஷனாக இருந்தால் சரி, இது இரும்பு. நான் விடவில்லை. "உங்க மூஞ்சிக்கு முன்னாலயும் ஒரு பை இருக்கு அத்தான்."

"நான் ஓட்டுறேன்ல. நான் இடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு லிப்ட் பக்கம் நடந்துவிட்டார். போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் சொன்னபடியே இடிக்கவில்லை. ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டினார். போன வருஷம் மழைக்காலத்தில், ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. காருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கீழே கார் கழுவித் துடைத்து நின்றிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ரீகாண்ட் காரை விலைக்குக் கேட்டு ஒருவர் செபராங் ஜெயாவிலிருந்து வந்தார். சின்னக் குடும்பம், பெண்டாட்டி கைக்குழந்தையோடு நின்றாள். அவர்களைப் பார்த்ததும் அக்கா, "குடுக்கறேன், ஆனா அந்தப் பைய மாத்திட்டுத்தான் குடுப்பேன். அந்தப் பொண்ணு முன்னால உக்காரும்ல" என்று சொல்லிவிட்டாள். லாக்கரிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அக்கா பழக்கத்தில் பின்னால் ஏறிக்கொண்டாள். நானும் கூப்பிடவில்லை, பை இன்னும் மாற்றவில்லையே.

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். நம்பரைத் தட்டினாள். மறுபடி ஒரு தடவை தட்டினாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள்.

"இந்தக் காடிக்கு மாத்த வேண்டியதில்ல கா. இதுல இருக்கறது வேற பை. அந்தப் பிரச்சினை இதுக்கு இல்ல."

"இப்ப இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"எப்பவுமே இல்ல கா. வந்ததுல இருந்தே இல்ல."

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? எரிச்சல். இதைக் கேட்டிருந்தால் அந்த மனுஷன் எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னதுதான் சரி, அவர் கார் சுத்தம். அதை ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டு, வாழ்நாள் முழுக்க எங்களைக் குத்திக் காட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கலாம். நம்புகிறேன் நம்புகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் நம்பாமல் போய்விட்டாரே, படுபாவி மனுஷன்! கவுண்டரிலேயே வாய்விட்டுத் திட்டிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அக்கா வெளியே வந்து காரின் பக்கத்தில் நின்றாள். நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன். ஏறாமல், சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வழியெல்லாம் என்னமோ பேசிக்கிட்டே வருவாரு டி" என்றாள். "நானும் ஆங் ஆங்னு வந்தேன். பின்னால உக்காந்த இத்தன வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட என்ன சொன்னார்னே எனக்குத் தெரியாது."